சம்பா கருகியது, 72 மணி நேரமும் கடந்துவிட்டது: காப்பீடு கிடைக்குமா?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் எனக்கு மூன்று ஏக்கர். பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் வராமல் சம்பா கருகிவிட்டது. பொதுச் சேவை மையத்தில் காப்பீடு செய்திருக்கிறேன். 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லாததால் பணம் வராது, 3,000 ரூபாய் கொடுத்தால் நான் பேசி முடித்துத் தருகிறேன் என்கிறார் ஊரில் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

நீங்கள் சேர்ந்திருப்பது பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம். அதில் அந்த 72 மணி நேரக் கெடு ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, அறுத்துப் போட்ட கதிர் மழையில் நனைவது போன்ற, தனித்தனி வயலைப் பார்த்துக் கணக்கிடும் சேதங்களுக்கு உரியது. வறட்சி அப்படியல்ல. தண்ணீர் இல்லாமல் கருகினால் யாரும் தனியாக மனு போட வேண்டியதில்லை. கிராமத்தின் சராசரி மகசூலை வைத்து, காப்பீடு செய்த எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் இழப்பீடு கணக்காகும். ஆக, அவர் பேசி முடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

கணக்கு இதுதான். கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்து ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70 முதல் 90 சதவீதத்தை உத்தரவாத மகசூலாக வைப்பார்கள். உதாரணத்துக்கு, அது ஏக்கருக்கு 1,600 கிலோ என்றும், இந்த ஆண்டு உங்கள் கிராமச் சராசரி 1,200 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். குறைவு நான்கில் ஒரு பங்கு. காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்றால் 9,000 ரூபாய் வரவேண்டும். சராசரி 1,600-ஐத் தாண்டிவிட்டால், உங்கள் வயல் முழுக்கச் சாவியாகப் போயிருந்தாலும் ஒன்றும் வராது. ஒரே வருவாய்க் கிராமத்தில் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் வயலும் கடைமடை வயலும் ஒரே கணக்கில் சேர்வது பெரிய அநியாயம். திட்டம் 2016-இல் வந்தது. இத்தனை ஆண்டுகளாக விவசாயிகள் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள், கேட்கத்தான் ஆளில்லை.

இன்றே நீங்கள் செய்ய வேண்டியது, ரசீதை எடுத்துப் பார்ப்பது. வருவாய்க் கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு மூன்றும் அடங்கலோடு, அதாவது கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் பயிர்ப் பதிவோடு, ஒத்துப்போகிறதா? பக்கத்துக் கிராமத்தின் பெயர் தவறி ஏறியிருந்தால், அந்தக் கிராமத்து மகசூலின்படிதான் உங்களுக்குப் பணம். அங்கே நல்ல விளைச்சல் என்றால் உங்கள் கணக்கில் எதுவும் ஏறாது. தவறு இருந்தால் ரசீது, அடங்கல் நகல்களோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கு எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்ட பிரதியை வாங்கி வையுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் நாளை அதற்குச் சாட்சி கிடையாது. இன்னொன்று, சம்பாவுக்கு நீங்கள் கட்ட வேண்டிய பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம் மட்டுமே. பதிவு செய்வதற்கான கூலியைச் சேவை மையத்துக்குக் காப்பீட்டு நிறுவனமே தருகிறது. விவசாயியிடம் தனியாகக் கேட்பது தவறு.

சரி, உங்கள் வயல் நிலை கணக்கையே மாற்றும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அறுவடைப் பரிசோதனைக்கு உங்கள் சர்வே எண் தேர்வாகியிருந்தால்தான் அது. நெல் போன்ற முக்கியப் பயிருக்குக் கிராமத்துக்குக் குறைந்தது நான்கு இடங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு பிடித்து அறுத்து, அடித்து எடை போடுவார்கள். ஊரின் தலையெழுத்து பெரும்பாலும் அந்த எடைகளில்தான் இருக்கிறது. கருகின பயிர்தானே என்று அதற்கு முன்பே மாட்டை அவிழ்த்துவிட்டால், வந்தவர்கள் வேறு வயலுக்குப் போய்விடுவார்கள். அது பச்சையாக இருக்கும் வயலாக இருந்தால் ஊர்ச் சராசரி ஏறி, எல்லாருக்கும் நஷ்டம். ஆகவே மாட்டை விடுவதற்கு முன் உதவி வேளாண்மை அலுவலரிடம் தேர்வான சர்வே எண்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுடையது இருந்தால் தொடாதீர்கள். பரிசோதனை அன்று வயலில் நில்லுங்கள், ஊர்க்காரர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொள்ளுங்கள், தராசு காட்டும் எடையைப் படம் எடுங்கள். பயிர் மோசமாக இருக்கிறது என்பதற்காகத் தேர்வான வயலை ஒதுக்கக் கூடாது. மணியே இல்லை என்றால் மகசூல் பூஜ்யம் என்றே எழுத வேண்டும். இங்கே தயங்காமல் வாயைத் திறந்து கேளுங்கள்.

தரகர்கள் விஷயத்தில் நான் கண்டிப்பாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. பணம் எப்படியும் வரும் கிராமமாகப் பார்த்து முன்பணம் வாங்குகிறார்கள். பிறகு நான்தான் வாங்கித் தந்தேன் என்று சொல்லி இன்னொரு பங்கும் கேட்கிறார்கள். வராத ஊரில் அதிகாரி மாறிவிட்டார் என்பார்கள். அவர்களிடம் ஆதார் நகல், பாஸ்புக் நகல் எதுவும் போகக் கூடாது. கைபேசிக்கு வரும் ஓடிபியைச் சொல்லவே கூடாது. இழப்பீடு நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று மட்டும் வங்கியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், வறட்சி நிவாரணம் தனி. காப்பீடு கிடைத்தாலும் அதைக் கேட்கலாம். 2022-26 காலத்துக்கான மத்திய விதிமுறையில், 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமான பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், இரண்டு ஹெக்டேர் வரை. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தபோது நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் கொடுத்தார்கள். இதற்கு அரசு அறிவிப்பு வரவேண்டும், கிராம நிர்வாக அலுவலர் எடுக்கும் பட்டியலில் உங்கள் பெயரும் ஏற வேண்டும். உரம், டீசல், ஆள்கூலி மூன்றும் ஏறி நிற்கும் காலத்தில் இந்தத் தொகை உழவுச் செலவுக்கும் எட்டாது. அதையும் காலத்தில் தருவதில்லை. இருந்தாலும் பெயரைச் சேர்க்காமல் விடாதீர்கள்.

அறுவடை முடிந்து இரண்டு மாதமாகியும் தகவல் இல்லை என்றால் 14447 என்ற உதவி எண்ணில் ரசீது எண்ணைச் சொல்லிப் புகார் பதியுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில், உங்கள் கிராமத்து அறுவடைப் பரிசோதனை எடைகளையும் உத்தரவாத மகசூலையும் எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போக வேண்டாம், ஊரில் காப்பீடு செய்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள்.