ஐலா விஸ்கி: புகை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது? (வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: ஐலா என்பது ஊரா, விஸ்கியின் வகையா? இந்தப் பெயர்களை எப்படித்தான் உச்சரிப்பது? (திருச்சி வாசகர்)

ஐலா ஒரு தீவு. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், சுமார் 3,000 பேர் வாழும் இடம். பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் வரும் 'எஸ்' ஒலிக்காது. 2009-ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிகளில் ஐலாவும் கேம்ப்பெல்டவுன் என்ற ஊரும் பாதுகாக்கப்பட்ட வட்டாரப் பெயர்கள். தீவுக்கு வெளியே வடித்த விஸ்கியை ஐலா சிங்கிள் மால்ட் (முளைகட்டிய பார்லியிலிருந்து ஒரே ஆலை வடித்த விஸ்கி) என்று விற்க முடியாது.

தென்கரையில் போர்ட் எலன் ஊரிலிருந்து கிழக்கே போகும் ஒரே சாலையில் லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் என்ற மூன்று விஸ்கி ஆலைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. லஃப்ராய்கும் ஆர்ட்பெக்கும் தொடங்கியது 1815, லாகவூலின் 1816. தீவின் நடுவில், கடற்கழியை ஒட்டி 1779-ஐத் தன் தொடக்கமாகச் சொல்லும் போமோர். கழியின் எதிர்க்கரையில் ப்ருக்லாடி. வடகிழக்கில் ஜூரா தீவைப் பார்த்தபடி கலீலா, பூனஹாவன், புதிதாக வந்த ஆர்ட்னஹோ. மேற்கே 2005-இல் வடிக்கத் தொடங்கிய கில்ஹோமன். 1983-இல் மூடிய போர்ட் எலன் ஆலை 2024-இல் மறுபடியும் திறந்தது.

கேள்வி: தீவின் தண்ணீர் டீ நிறத்தில் இருக்குமாமே. புகை மணம் அதிலிருந்துதான் வருகிறதா? (கோவை வாசகி)

தண்ணீர் பழுப்பாக இருப்பது உண்மை. ஆனால் புகை மணத்துக்கு அது காரணம் இல்லை. மணம் முழுக்க முழுக்க பார்லியை உலர்த்தும் சூளையில்தான் பிடிக்கிறது.

பார்லியை இரண்டு நாள் போல, நடுநடுவே நீரை வடித்துக் காற்றாட விட்டு ஊறவைப்பார்கள். ஈரம் 45 சதவீதத்தை எட்டியதும் தரையில் பரப்பி ஐந்தாறு நாள் முளைகட்ட விடுவார்கள். ஒரு நாளில் பலமுறை கிளறிவிட வேண்டும். விட்டால் வேர்கள் பின்னிக்கொண்டு பாய் மாதிரி ஆகிவிடும். உள்ளே சூடேறி ஒரு பகுதி அதிகமாகவும் ஒரு பகுதி குறைவாகவும் முளைக்கும். அதன் பிறகுதான் சூளை. துளைத்தரையில் ஈர மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியைப் பரப்பி, கீழே பீட்டை எரிப்பார்கள். பீட் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கிய பாசியும் செடியும். செங்கல் வடிவில் வெட்டிக் காயவைத்து எடுப்பார்கள்.

இங்கே கைப்பழக்கம் வேண்டும். பீட் கொழுந்துவிட்டு எரியக் கூடாது, புகைய வேண்டும். தீ நாக்கு எழுந்தால் மணம் தரும் பீனால்கள் எரிந்துபோய் வெப்பம்தான் மிஞ்சும். அதற்காகவே ஈரமான பீட் துகளை மேலே தூவி அடக்குவார்கள். இன்னொன்று, உமியின் மேல் ஈரம் இருக்கும் வரைதான் புகை நன்றாக ஒட்டும். காய்ந்த மால்ட்டில் எவ்வளவு புகைத்தாலும் பீட் வீண். ஆகவே முதல் பல மணி நேரம் மிதமான சூட்டில் புகை, பிறகு வெறும் வெப்பக் காற்று. ஈரம் 4-5 சதவீதத்துக்கு இறங்கியதும் நிறுத்துவார்கள். தொடக்கத்திலேயே சூடு ஏறினால் மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் செத்துவிடும். சாராயத்தின் அளவு குறையும்.

லஃப்ராய்க், போமோர், கில்ஹோமன் ஆலைகளில் இன்றும் தரையில் முளைகட்டுகிறார்கள், ஆனால் தேவையில் ஒரு பகுதிக்கு மட்டும். மற்றபடி தீவில் பெரிய அளவில் மால்ட் தயாரிப்பது 1970-களில் எழுந்த போர்ட் எலன் மால்ட் ஆலை.

கேள்வி: பிபிஎம் எண் பெரிதாக இருந்தால் புகையும் அதிகம் என்று நினைத்து வாங்கினேன். நாக்கில் அப்படித் தெரியவில்லையே? (பெங்களூர் வாசகர்)

அந்த எண் உங்கள் பாட்டிலில் உள்ள விஸ்கியை அளந்தது இல்லை. மால்ட்டில் பத்து லட்சம் பங்குக்கு எத்தனை பங்கு பீனால் என்பதே அது. போமோருக்கு 25 போல, லாகவூலினுக்கும் கலீலாவுக்கும் 35 போல, லஃப்ராய்குக்கு 40-ஐ ஒட்டி, ஆர்ட்பெக்குக்கு 55 போல என்பார்கள். அரைத்து, ஊறவைத்து, வடிப்பதற்குள் அதில் பாதியோ அதற்கு மேலோ போய்விடும். பெருமளவு சக்கையோடும் வடித்த மிச்சத்தோடும் போகிறது. பீப்பாயில் இன்னும் குறையும்.

லாகவூலினையும் கலீலாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் மால்ட் போர்ட் எலன் மால்ட் ஆலையிலிருந்துதான், அளவும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் லாகவூலின் கனமாக, இனிப்பாக, கரிப்புகை போல நாக்கில் தங்குகிறது. கலீலா எலுமிச்சைத் தோலும் எண்ணெய்ப்பதமும் சாம்பலுமாக லேசாக நிற்கிறது. வித்தியாசம் செப்பு வாலையில், அதாவது சரக்கைக் காய்ச்சி வடிக்கும் பாத்திரத்தில். கலீலாவின் வாலைகள் பெரியவை. ஆவி செம்போடு நீண்ட நேரம் உரசி, கனமான பகுதி திரும்பத் திரும்ப உள்ளேயே விழுகிறது. லாகவூலினில் வாலையின் கழுத்துக் குழாய் செங்குத்தாகக் கீழ்நோக்கிச் சரிகிறது. கனமான ஆவி திரும்பி விழ வழியில்லாமல் அந்தப் பக்கம் போய்விடுகிறது. ஆர்ட்பெக் மூன்றாவது வழி: இரண்டாம் வாலையின் குழாயில் ஒரு சிறு சுத்திகரிப்பான் வைத்து, கனமானதைப் பிடித்து வாலைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். அதனால்தான் அவ்வளவு பீட்டுக்குள்ளும் பழ இனிப்பு தெரிகிறது.

வாலையைவிடவும் முக்கியம் எங்கே வெட்டுகிறார்கள் என்பது. இரண்டாம் வடிப்பில் முதலில் வருவது தலை: காட்டமான, வார்னிஷ் நெடி அடிக்கும் பகுதி. பிறகு நடு, அதைத்தான் பீப்பாய்க்கு எடுப்பார்கள். கடைசியில் வால். பழ வாசனை நடுவின் தொடக்கத்தில் வந்துவிடும். பீனால்கள் பின்னால்தான், வால் பகுதி நெருங்க நெருங்க அதிகமாக வரும். லஃப்ராய்கில் தலையை 45 நிமிடம் போல ஓடவிடுகிறார்கள். மற்ற இடங்களில் அது பெரும்பாலும் அரை மணிக்குள் முடியும். அந்த நேரத்தில் பழ வாசனையில் ஒரு பங்கு போய்விடுகிறது. அப்புறம் சாராயச் செறிவு 60 சதவீதத்துக்கு இறங்கும் வரை நடுவைப் பிடிக்கிறார்கள். அந்தத் தார் நெடியின் பிடிவாதத்துக்கு மால்ட்டைப் போலவே இந்த நேரக் கணக்கும் காரணம். சீக்கிரம் வெட்டினால் புகையை வாலிலேயே விட்டுவிடுவோம். தாமதித்தால் வியர்வை, நனைந்த அட்டை, பழந்தோல் நாற்றங்கள் சேர்ந்து வரும். எந்தப் பீப்பாயும் அதை முழுசாக மறைக்காது.

ப்ருக்லாடி ஆலையின் ஆக்டமோர் என்ற விஸ்கியில் ஒரு பதிப்பு 309 பிபிஎம் மால்ட்டில் வந்தது. அது 40 பிபிஎம்மைவிட எட்டு மடங்கு புகையாக இராது. அங்கே வாலைகள் உயரமானவை, கழுத்து ஒடுங்கியது. எண்ணை மறந்து ஆலையின் பாணியைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: லஃப்ராய்க் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிறது. அது அயோடினா? உப்புக் காற்று பீப்பாய்க்குள் போவதால் கரிக்கிறதாமே? (தூத்துக்குடி வாசகர்)

அயோடின் இல்லை. கிரெசால், பீனால் என்ற சேர்மங்கள். பழைய கிருமிநாசினிகளிலும் இருந்தவை. விறகுப் புகை போன்ற பகுதி குவையகால். உப்பைப் பொறுத்தவரை, அது ஆவியாகாது. வாலையைத் தாண்டி வரவே வராது. கலீலாவின் சரக்கில் பெரும்பகுதி பிரதான நிலப்பரப்பின் கிடங்குகளில்தான் முதிர்கிறது. ஆனாலும் அதிலும் பலருக்குக் கரிப்பு தெரிகிறது. கடற்கரைச் சுவை என்று நாக்கு சொல்வது பெரும்பாலும் பீட்டின் வேலை.

கேள்வி: பக்கத்து ஆலையின் விஸ்கியை அப்படியே நகலெடுக்க முடியாதா? (ஈரோடு வாசகர்)

முயன்றார்கள். லஃப்ராய்கின் விற்பனை உரிமையை இழந்த லாகவூலின் உரிமையாளர் பீட்டர் மேக்கி, 1908-இல் லாகவூலின் வளாகத்துக்குள்ளேயே மால்ட் மில் என்ற சிறிய ஆலையைக் கட்டினார். லஃப்ராய்கின் அதே வடிவ வாலைகளை வைத்தார். 1962 வரை ஓடியது. விஸ்கி கிடைத்தது, லஃப்ராய்க் கிடைக்கவில்லை.

கேள்வி: ஐலா என்றாலே புகைதானா?

இல்லை. பூனஹாவன் 12 ஆண்டில் புகை கிட்டத்தட்ட இல்லை. ஷெர்ரி என்ற ஒயின் இருந்த பீப்பாயின் உலர்பழச் சுவை. ப்ருக்லாடி தன் சொந்தப் பெயரில் தருவதும் பீட் இல்லாததே. புகைக்குப் பழகாதவர் இந்த இரண்டில் ஒன்று, பிறகு போமோர், அதற்கும் பிறகு கலீலா என்று போகலாம். எடுத்த எடுப்பில் ஆர்ட்பெக் வேண்டாம்.

கேள்வி: வயது கூடக்கூட நல்லதா? (மதுரை வாசகர்)

புகைதான் வேண்டும் என்றால் இல்லை. ஆண்டுகள் போகப் போகப் புகை தணிந்து மரம் முன்னே வரும். சட்டப்படி 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு இருந்தால் போதும். இளசான ஐலா விஸ்கி சோபிப்பது இதனால்தான்: புகை, புதுச் சரக்கின் கரடுமுரடை மூடிவிடும்.

கேள்வி: தண்ணீர் சேர்த்ததும் விஸ்கி கலங்கியது. கலப்படமா? திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்? (சேலம் வாசகர்)

கலங்கியதற்குக் கொழுப்பு அமில எஸ்டர்கள் காரணம். குளிர்ந்தாலோ சாராயச் செறிவு 46 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ அவை கரையாமல் வெளியே தெரியும். இதைத் தவிர்க்கச் சில ஆலைகள் குளிரவைத்து வடிகட்டுகின்றன; அப்போது வாய்ப்பதமும் கொஞ்சம் போகும். ஆர்ட்பெக் 10-ஐ 46 சதவீதத்தில் அப்படி வடிகட்டாமலே அடைக்கிறார்கள். கலங்கல் மட்டுமே கலப்படத்துக்கு அடையாளம் ஆகாது. 30 மில்லிக்கு அரை டீஸ்பூன் தண்ணீரில் தொடங்கி, முகர்ந்து பார்த்துக் கூட்டுங்கள். ஐஸ் போட்டால் புகை நாக்கில் நிற்கும், மற்ற மணங்கள் அடங்கிவிடும்.

பாட்டிலை நிற்கவைத்தே வையுங்கள். படுக்கவைத்தால் சாராயம் கார்க்கை அரித்துவிடும். வெயில் படக் கூடாது. பாதிக்கு மேல் இருக்கும்வரை பல மாதம் கவலையில்லை. கால் பாட்டிலுக்கு இறங்கினால் உள்ளே காற்று அதிகமாகி, முதலில் மங்குவது புகையின் கூர்மை. சுத்தமாக உலர்த்திய சிறு கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இந்தியாவில் வரும் பீட்டட் (பீட் புகையூட்டிய) விஸ்கிகளும் ஐலா விஸ்கிதானா?

பெயரளவில் ஆகாது. பெங்களூரின் அம்ருத் ஃப்யூஷனில் ஸ்காட்லாந்தில் புகையூட்டிய பார்லி கால் பங்கு, இந்திய பார்லி முக்கால் பங்கு. ஸ்காட்லாந்துக் கிடங்கில் ஆண்டுக்கு 2 சதவீதம் போல ஆவியாகிறது. பெங்களூர் வெப்பத்தில் அது பல மடங்கு. மரத்தின் சாறு வேகமாக இறங்கும், சரக்கும் வேகமாகக் குறையும். ஆகவே பாட்டிலில் உள்ள வயதை ஐலா வயதோடு ஒப்பிடாதீர்கள்.