கணவர் மறியலில், மில்லை யார் பார்ப்பது?

கேள்வி: முல்லைத்தீவில் முத்தையன்கட்டுப் பக்கம் எங்களுக்கு நெல் குற்றும் மில் ஒன்று இருக்கிறது. மில், வங்கிக் கணக்கு, உழவு இயந்திர லீசிங் எல்லாம் கணவர் பெயரில். வீதி விபத்து வழக்கில் அவருக்கு 18 மாதச் சிறை. லீசிங் கம்பனிக்கு மூன்று தவணை கட்டவில்லை, உழவு மெஷினைத் தூக்குவோம் என்கிறார்கள். கணக்கில் காசு இருந்தும் எடுக்க முடியவில்லை. காசோலையில் அவருடைய ஒப்பத்தை நானே வைக்கலாமா? பெர்மிட் காணியை (அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்தது) எழுதித் தந்தால் 10 லட்சம் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: ஒப்பத்தை வைக்காதீர்கள். கணவர் சம்மதித்தாலும் அது போலி ஒப்பம்தான். வீட்டில் ஒருவர் மறியலில் இருப்பது போதும்.

சிறைக்குப் போனவரின் கையெழுத்து செல்லாது என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது பிழை. அவர் இப்போதும் உங்களுக்கு அற்றோணித் தத்துவம், அதாவது அவர் சார்பில் நீங்கள் செயற்படுவதற்கான அதிகாரப் பத்திரம், எழுதித் தரலாம். சிறை அத்தியட்சகரிடம் அனுமதி கேட்டால் நொத்தாரிசு (பத்திரங்களை எழுதி உறுதிப்படுத்துபவர்) உள்ளே போய் ஒப்பம் வாங்கலாம். ‘எல்லா அதிகாரமும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். கணக்கில் பணம் எடுத்தல், காசோலையில் ஒப்பமிடல், லீசிங் கம்பனியுடன் பேசுதல், மின்சாரக் கணக்கு, பிரதேச சபையின் வருடாந்த அனுமதி என்று ஒவ்வொன்றாக எழுதுவியுங்கள். வரைவை முதலில் வங்கி மானேஜரிடம் காட்டுங்கள். ஒப்பம் வைத்த பிறகு அவர் குறை சொன்னால் திரும்பவும் சிறைவாசலில் நிற்க வேண்டிவரும். பிறகு மறக்காமல் பதிவு செய்யுங்கள்.

லீசிங் விஷயத்தில், கடைசித் தவணை முடியும்வரை மெஷின் கம்பனியுடையது. அதனால் வாசலில் நின்று சண்டை பிடித்துப் பயனில்லை. இப்போது கொஞ்சம், மீதி காலபோக அறுவடையில் மில் ஓடும்போது என்று தவணையை மாற்றித் தரும்படி பதிவுத் தபாலில் கேளுங்கள். தீர்ப்பின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் சரியில்லை என்றால் மத்திய வங்கியில் முறைப்பாடு செய்யலாம். மனைவி என்பதற்காக மட்டும் அவருடைய கடன் உங்கள் தலையில் விழாது. கடனுக்குப் பிணையாளியாக நீங்கள் ஒப்பம் வைத்திருந்தால் கதை வேறு.

அந்த 10 லட்சக்காரரை அனுப்பிவிடுங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி பெர்மிட் காணியைத் தனியாருக்கு இப்படி எழுதிக் கொடுத்தால் அது செல்லாது. பெர்மிட்டே பறிபோகவும் கூடும்.

உங்களுடைய சீதனக் காணி இருந்தால் அதை விற்பதையோ ஈடு வைப்பதையோ யோசிக்கலாம். தேசவழமைக்கு (வட மாகாணத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்டவர் என்றால் கணவரின் எழுத்துச் சம்மதம் தேவை. அதையும் அவர் உள்ளிருந்தே தரலாம். தர மறுத்தால், பிள்ளைகளின் நலனைக் காட்டி மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க, தேசவழமைக்கு உட்பட்டவர்களின் திருமணச் சொத்துரிமை பற்றிய 1911ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பமா? அப்படியென்றால் தேசவழமை பெரும்பாலும் உங்களுக்குப் பொருந்தாது.

வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். லீசிங் ஒப்பந்தத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பிணையாளி பகுதியில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதைத்தான் அங்கே முதலில் பார்ப்பார்கள்.