நாற்பது முறை ‘கெடி’

அன்புள்ள அண்ணா,
என் மகன் மூன்றாம் வகுப்பு. வாயால் கேட்டால் பாடம் முழுக்கச் சொல்கிறான், வாசிக்கச் சொன்னால் திணறுகிறான். கற்றல் குறைபாடாக இருக்கலாம், சோதித்துப் பாருங்கள் என்கிறார் டீச்சர். முத்திரை குத்திவிடுவார்கள் என்று என் கணவர் மறுக்கிறார். சோதிக்கலாமா? ஐன்ஸ்டீனுக்கும் இது இருந்ததாமே?
ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள தங்கைக்கு,

ஐன்ஸ்டீனை விடுங்கள். அவருக்கு இருந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது, இருந்தால்தான் உங்கள் பையனுக்கு என்ன? மேதையாக வருவான் என்றால்தான் வாசிக்கச் சொல்லித்தருவீர்களா? சாதாரணப் பிள்ளைக்கு பஸ் போர்டு படிக்கத் தெரிய வேண்டாமா?

கண்ணையும் காதையும் முதலில் பார்த்துவிடுங்கள், அப்புறம் சோதனை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இந்தக் குறைபாடும் சேர்ந்துவிட்டது. பொதுத்தேர்வுச் சலுகையெல்லாம் பிறகு.

என் சித்தி மகன் நினைவுக்கு வருகிறான். அவனுக்கும் மூன்றாம் வகுப்பு விடுமுறை, எனக்குப் பதினாறு வயது, பாடம் சொல்லித்தர என்னிடம் விட்டார்கள். கடகடவென்று வாசித்தான். குனிந்து பார்த்தால் விரல் இரண்டு வரி கீழே ஊர்ந்துகொண்டிருக்கிறது. அத்தனையும் மனப்பாடம், வருஷம் முழுக்க அப்படியே ஓட்டியிருக்கிறான். நான் அறைந்தேன். ‘கொடி’யை நாற்பது முறை எழுது என்றேன். எழுதினான். நாற்பதும் ‘கெடி’.

அந்த நாற்பதில் அவன் கற்றது ‘கெடி’யைத்தான், கற்றுக்கொடுத்தவன் நான். இம்போசிஷன் கொடுக்கிற ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்கத் தோன்றுகிறது. ‘கொ’வைப் பாருங்கள். காதுக்கு க் முதலில், பிறகு ஒ. கண்ணுக்கோ கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால், ஒரே உயிரொலி இரண்டு துண்டாகி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. மற்ற பிள்ளைகள் இதைத் தாண்டிக் குதித்துவிடும், இவனுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துக் காட்ட வேண்டும். வாயால் ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுத வேண்டும், ஒன்று பிடிபட்ட பிறகே அடுத்தது. அமெரிக்காவில் மருத்துவர் ஆர்ட்டனும் கல்வியாளர் கில்லிங்ஹாமும் 1930களில் வகுத்த முறையும் ஏறக்குறைய இதுதான்: கண், காது, கை மூன்றையும் சேர்த்துப் பழக்குவது. நம்மூர்த் திண்ணையில் மணலும் இருந்தது, பிரம்பும் இருந்தது. நாம் பிரம்பை வைத்துக்கொண்டோம்.

முத்திரையா? ‘மக்கு’ என்று வகுப்பு ஏற்கெனவே குத்தியிருக்கும், உங்கள் கணவர் பையனிடமே கேட்டுப் பார்க்கட்டும்.

தம்பிக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. வாட்ஸ்அப்பில் ஒரு எழுத்து தட்ட மாட்டான், குரல்தான் அனுப்புவான். மகளைப் பள்ளியில் சேர்த்ததாகப் போன வாரம் சொன்னான். நானும் குரலிலேயே பதில் அனுப்பினேன்.