1.3 டிகிரியில் மட்டும் உடையும் செய்தி

கேள்வி: அண்ணா, என்னிடம் இரண்டு சில்லர் லாரிகள் இருக்கின்றன. ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏற்றி, விடிவதற்குள் ஈரச்சந்தைகளுக்குக் கொண்டு சேர்க்கிறோம். குளிர்ப்பெட்டியின் டெம்பரேச்சர் கருவியை ஆர்எஸ்232 என்ற சீரியல் இணைப்பு வழியாக ஜிபிஎஸ் டிராக்கரில் இணைத்து, பாஸ்-த்ரூ முறையில் சர்வருக்கு அனுப்புகிறோம். பெரும்பாலும் ஒழுங்காக வருகிறது. திடீரென்று சில செய்திகள் மட்டும் பாதி பாதியாக வந்து விழுகின்றன. வயரை இரண்டு முறை மாற்றியாயிற்று. கருவி கெட்டுவிட்டதா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: கருவியைக் கழற்ற வேண்டாம். வயரை மூன்றாவது முறையும் மாற்ற வேண்டாம். உடைந்த செய்திகளுக்குச் சற்று முன்னும் பின்னும் குளிர்ப்பெட்டிக்குள் எத்தனை டிகிரி இருந்தது என்று மட்டும் பாருங்கள்.

இதே கோளாறோடு இரண்டு இரவுகள் போராடியிருக்கிறேன். காக்கி புக்கிட்டில் எங்கள் பட்டறைக்கு வந்ததும் ஒரு மீன் லாரிதான். குளிர்ப்பெட்டியின் கம்ப்ரசர் ஓடும்போது மின் இரைச்சல் வயரில் ஏறுகிறது என்று முடிவு கட்டி, ஷீல்டு வயர் போட்டேன், கிரவுண்டை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் இரவு, சர்வருக்கு வந்த பைட்டுகளை ஹெக்ஸில், அதாவது 16ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறையில், ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிவரியாக எழுதினேன். 1.2 டிகிரிக்கு '00 0சி'. 1.4 டிகிரிக்கு '00 0இ'. நடுவில் 1.3 வரவேண்டிய இடத்தில் எல்லாம் வரி அறுந்து, மீதி அடுத்த வரியில் கிடந்தது. 1.3 டிகிரியை அந்தக் கருவி பத்தால் பெருக்கி 13 என்று அனுப்புகிறது. 13 என்பது ஹெக்ஸில் 0டி. எழுத்துச் செய்திகளில் 'வரி முடிந்தது' என்பதற்கான குறியும் அதே 0டிதான்!

பாஸ்-த்ரூ என்றால் வந்ததை வந்தபடியே அனுப்புவது. டிராக்கருக்கு மீனும் தெரியாது, டிகிரியும் தெரியாது. ஆனால் ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதை மட்டும் அது எப்படியோ முடிவு செய்தாக வேண்டும். அதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். டெல்டோனிகா நிறுவனத்தின் டிராக்கர்களில் சீரியல் போர்ட்டுக்கு டிசிபி ஆஸ்கி (எழுத்துச் செய்திகளுக்கு), டிசிபி பைனரி (வெறும் எண்களாக வரும் பைட்டுகளுக்கு) என்று இரண்டு வகை இருக்கும். ஆஸ்கியில் வரி முடிவுக் குறியைக் கண்டதும் டிராக்கர் செய்தியை வெட்டி அனுப்பிவிடும். பைனரியில் எந்தப் பைட்டையும் குறியாகப் பார்க்காமல், கருவி சற்று நேரம் மௌனமானதும் அதுவரை வந்ததை ஒரு கட்டாக அனுப்பும். உங்கள் கருவி எண்களைப் பைனரியாகப் பேசுகிறது, டிராக்கரோ ஆஸ்கியில் நிற்கிறது என்பது என் கணிப்பு. பைனரிக்கு மாற்றுங்கள். மீன் லாரியில் இது அடிக்கடி தலைகாட்டுவதற்குக் காரணம், நீங்கள் வைக்கும் குளிர் 1.3ஐச் சுற்றியே இருப்பதுதான். உறைநிலைக்குக் கீழே ஓடும் லாரியில் இதே தவறு மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருந்திருக்கும்.

அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு கட்டு என்றால் ஒரு முழுச் செய்தி என்று சர்வர் எழுதுபவர் ஒருபோதும் நம்பக்கூடாது. விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு பைட்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் ஆகும். கருவி நடுவில் மூச்சு வாங்கினால் பைனரியிலும் செய்தி இரண்டாகும். நீளத்தையும் செக்சம்மையும் (செய்தி பிழையில்லாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்) பார்த்து, துண்டுகளைச் சேர்த்த பிறகே டெம்பரேச்சரைப் படிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, உங்கள் தொழிலுக்கு இது முக்கியம். அடித்தள லோடிங் பே-க்குள் லாரி நிற்கும்போது சிக்னல் இருக்காது. சாதாரண வகையில் அந்த நேரத்துச் செய்திகள் போனது போனதுதான். 'பஃபர்டு' வகையைத் தேர்ந்தெடுத்தால் டிராக்கர் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும். ஆனால் இந்தச் செய்திகள் கோடெக் 12 என்ற உறையில் வருகின்றன. அதில் நேரம் கிடையாது. காலை 4 மணிக்கு எடுத்த டெம்பரேச்சர் 5 மணிக்கு வந்து சேர்ந்தால், சர்வர் அதை 5 மணி என்றே எழுதிவிடும். மீன் கெட்டுப்போனது யார் பொறுப்பில் என்று ஒரு நாள் கேள்வி வந்தால், இந்த ஒரு மணி நேரம் உங்களைக் காப்பாற்றாது. சீரியல் அமைப்பிலேயே நேரமுத்திரையைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டால் உறை கோடெக் 13 ஆகிவிடும், ஒவ்வொரு செய்தியோடும் நேரமும் வரும். அது யுடிசி என்ற உலகப் பொது நேரம், சிங்கப்பூருக்கு 8 மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். சர்வரிலும் 13ஐப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், முதலில் சர்வர் எழுதும் தம்பியிடம் பேசிவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: எனக்கு ஒரு எழுத்துகூட வரவில்லை, அண்ணா. எரிபொருள் சென்சாரில் மூன்று வயர்கள் இருக்கின்றன. எது டிஎக்ஸ் (அனுப்பும் வயர்), எது ஆர்எக்ஸ் (பெறும் வயர்) என்று லேபிளில் எழுதியிருப்பதை நம்பலாமா?
– துவாஸ் வாசகர்

பதில்: நம்பாதீர்கள். டிஎக்ஸ் என்று எழுதியவர் தன் கருவியின் டிஎக்ஸைச் சொன்னாரா, எதிர்முனையின் டிஎக்ஸைச் சொன்னாரா என்பது அவருக்கே வெளிச்சம். மல்டிமீட்டர் பொய் சொல்லாது. சென்சாரை டிராக்கரிலிருந்து பிரித்து, கரண்ட் மட்டும் கொடுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையால் மற்ற வயர்களைத் தொடுங்கள். ஆர்எஸ்232 சென்சார் சும்மா இருக்கும்போது அதன் டிஎக்ஸ் வயரில் மைனஸ் வோல்ட் இருக்கும், மைனஸ் 3க்கும் மைனஸ் 15க்கும் நடுவில். அந்த வயர் டிராக்கரின் ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும். ஆர்எக்ஸ் வயரில் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்டும். மைனஸுக்குப் பதிலாகப் பிளஸ் 3.3 அல்லது பிளஸ் 5 காட்டினால் உடனே கையை எடுங்கள். அது ஆர்எஸ்232 இல்லை, டிடிஎல் என்ற வேறு வோல்ட் அளவில் பேசும் இணைப்பு. நடுவில் மேக்ஸ்232 போன்ற ஒரு மாற்றி இல்லாமல் இணைக்கக்கூடாது, சென்சார் எரிந்துவிடும்.

வயர் சரியாகி, புரியாத கிறுக்கல் எழுத்துகள் வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள், இனி வேகம் மட்டும்தான் பாக்கி. எரிபொருள் சென்சார்களில் பல 19200இல் பேசும், டிராக்கரை 9600இல் விட்டிருப்பீர்கள்.

கேள்வி: மோட்பஸ் முறையில் பேசும் சென்சாரை ஆர்எஸ்485 என்ற, ஏ, பி வயர்கள் கொண்ட சீரியல் இணைப்பில் போட்டேன். வயர் சரி, வேகம் சரி, ஆனால் மௌனம்.
– பிடோக் வாசகி

பதில்: மோட்பஸ் சென்சார் கேட்டால்தான் பேசும், அம்மா. பாஸ்-த்ரூவில் டிராக்கர் தானாக எதுவும் கேட்காது. சர்வரிலிருந்து கோடெக் 12 வழியாகக் கேள்வியை அனுப்பிப் பாருங்கள். அப்புறமும் பதில் இல்லையென்றால் ஏ, பி வயர்களை இடம் மாற்றிப் போடுங்கள்.