ஈப்போ சேஸிஸ்: நானே லாரியில ஏத்திட்டு வரவா, ஷிப்பிங்குக்குக் காசு கட்டவா?

கேள்வி: வணக்கம் அண்ணே. என்கிட்ட பழைய வண்டிங்களுக்கான கிளாசிக் ஸ்கீம்ல 1974 லேண்ட் ரோவர் சீரிஸ் 3, குட்டை வண்டி, 88 (ரெண்டு அச்சுக்கும் நடுவுல 88 அங்குலம்) ஒண்ணு இருக்கு. பாடி நல்லா இருக்கு, ஆனா சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், பின்பக்கம் துரு தின்னு ஓட்டை விழுந்துடுச்சு. மலேசியாவுல, ஈப்போவுல ஒருத்தர் அதே மாடலோட வெறும் சேஸிஸ 3,200 ரிங்கிட்டுக்குத் தரேங்கறார். ஃப்ரெண்டோட கம்பெனியில பத்தடி லாரி இருக்கு, சனிக்கிழமை போயி ஞாயித்துக்கிழமை ஏத்திட்டு வந்துடலாம்னு நெனச்சேன். இன்னொரு பக்கம் ஒரு ஏஜெண்ட், கிள்ளான் துறைமுகத்துலேருந்து கப்பல்ல போட்டா க்யூபிக் மீட்டருக்கு 25 சிங்கப்பூர் வெள்ளிதான், மூணு க்யூபிக் வரும்ங்கறார். எது லாபம்? (சிங்கப்பூர் ஈசூன் வாசகர்)

பதில்: தம்பி, ரெண்டுமே வேணாம். ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல தரை வழியா தெனம் சரக்கு லாரி ஓடுது, பல பேரோட சரக்க ஒண்ணா ஏத்திட்டு வர்ற மலேசிய லாரிங்க, அதுல உங்க சேஸிஸ ஒரு ஓரமா போட்டு வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து எறக்கற மாதிரி ஒரே விலை எழுத்துல வாங்குங்க. இதுதான் என் பதில். ஏன்னு சொல்றேன், அதோட 25 வெள்ளி கதைய கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா அதுல மாட்டிக்கிட்டு வந்து நிக்கற ஆளுங்கள வருஷா வருஷம் பாக்கறேன், பாக்க வயிறு எரியுது.

முதல்ல லாரி. ஈப்போவுக்கு ஒரு வழியே 550 கிலோமீட்டருக்கு மேல, போயிட்டு வந்தா 1,100. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்னு வெச்சாலும் 110 லிட்டர் டீசல், டோல், ஒரு ராத்திரி ரூம், ரெண்டு பேர் சாப்பாடு. இதையெல்லாம் தாங்கிக்கலாம்னு வெச்சுக்குவோம். ஆனா அந்த லாரியோட இன்சூரன்ஸ் மேற்கு மலேசியாவுக்குச் செல்லுமா, கம்பெனி சரக்கு இல்லாம வேற ஆளோட இரும்ப ஏத்தினா செல்லுமான்னு உங்க ஃப்ரெண்டோட முதலாளி பாலிசிய எடுத்துப் படிச்சிருக்க மாட்டாரு. சிங்கப்பூர் நம்பர் போட்ட சரக்கு லாரி அந்தப் பக்கம் போயி சரக்கு ஏத்தறதுக்கு அந்த நாட்டு அனுமதி தனியா வேணும், நம்ம கார்ல எல்லை தாண்டி ஜொகூர் பாருவுக்குப் போயி சாப்பிட்டுட்டு வர்ற மாதிரி கெடையாது. இன்னொண்ணு, பத்தடி லாரியோட தளம் மூணு மீட்டர்தான். உங்க சேஸிஸ் முன் பம்பர் மாட்டற கொம்புலேருந்து பின் சட்டம் வரைக்கும் அதவிட நீளம். பின்னாடி நீட்டிக்கிட்டு வரும், இல்லன்னா சாய்ச்சு நிறுத்தி கயிறு கட்டணும், அந்தக் கயிறு தாப்பா பக்கம் மலைப் பாதையில தளர்ந்துச்சுன்னா பின்னாடி வர்றவன் உயிரு. லேஷிங் பெல்ட் எப்படிப் போடணும், எந்த எடத்துல பிடிப்புக் குடுக்கணும்னு தெரியாத ரெண்டு பேரு ராத்திரி நேரத்துல ஹைவேயில இரும்பு ஏத்திட்டு வர்றத நெனச்சாலே எனக்குப் பயமா இருக்கு.

சரி, சிங்கப்பூர் எல்லைச் சோதனைச் சாவடி துவாஸ் வரைக்கும் வந்துட்டீங்கன்னே வெச்சுக்குவோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம், காருங்க நிக்கற லைன்ல நின்னு, பின்னாடி என்னன்னு கேட்டா பழைய பார்ட்ஸுன்னு சொல்லிட்டு வந்துடலாம்னு நெனைக்காதீங்க. சரக்கு சரக்குதான். வர்றதுக்கு முன்னாடியே ட்ரேட்நெட்ங்கற கம்ப்யூட்டர் சிஸ்டத்துல இம்போர்ட் பெர்மிட் எடுத்திருக்கணும், சரக்கு லாரிக்கான பாதையில வந்து காட்டணும். பெர்மிட்டுக்கு அரசாங்கம் வாங்கறது சில வெள்ளிதான், அத நமக்காகப் போட்டுக் குடுக்கற டிக்ளேரிங் ஏஜெண்ட் தன் கூலிய வாங்கிக்குவாரு. ஜி.எஸ்.டி. 9 விழுக்காடு, அது சேஸிஸ் விலைக்கு மட்டும் கெடையாது, கொண்டாற செலவும் இன்சூரன்ஸும் சேத்துதான் கணக்கு. சேஸிஸ் ஆயிரம் வெள்ளி பக்கம், லாரிக் கூலி 600ன்னு வெச்சா 1,600க்கு 144 வெள்ளி. அவ்வளவுதான், ஒளிச்சு மறைச்சுக் கொண்டாற அளவுக்குப் பெரிய தொகையே இல்ல.

இங்கதான் விக்கறவரோ நடுவுல நிக்கற தரகரோ, அண்ணே நான் 400 வெள்ளிக்குக் கீழ பில்லு போட்டுத் தரேன், வரியே வராதும்பாரு. கேக்காதீங்க. 400 வெள்ளி வரைக்கும் இறக்குமதி ஜி.எஸ்.டி. இல்லங்கற அந்தச் சலுகை விமானத்துலயும் தபால்லயும் வர்ற பொருளுக்கு மட்டும்தான், தரை வழிக்கும் கப்பலுக்கும் கெடையவே கெடையாது. ஆக பொய் பில்லுனால உங்களுக்குப் பைசா லாபமில்ல, மாட்டினா ஏய்ச்ச வரியில 20 மடங்கு வரைக்கும் அபராதம், ஜெயிலுக்கும் சட்டத்துல எடமிருக்கு. பில்லு போட்டுக் குடுத்த ஆளு ஈப்போவுல டீ குடிச்சிட்டு இருப்பாரு, பெர்மிட்ல இருக்கறது உங்க பேரு.

இப்ப அந்த 25 வெள்ளி. எல்.சி.எல்.னு சொல்ற பங்குக் கண்டெய்னர்ல கூலி எப்படிப் போடறாங்கன்னா, ஒரு க்யூபிக் மீட்டரா இல்ல ஆயிரம் கிலோவா, எது அதிகமோ அத வெச்சுப் போடுவாங்க. உங்க சேஸிஸ் நாலு பேரு தூக்கற எடை, டன்னு கணக்குப் பக்கமே போகாது. ஆனா அதுக்குள்ள பூரா வெத்து எடம். ஏணி மாதிரி ஒரு சட்டம், நடுவுல காத்து, அந்தக் காத்துக்கும் சேத்துதான் நீங்க காசு குடுக்கறீங்க. நீளம் 3.6, அகலம் 1.4, உயரம் 0.6ன்னு வெச்சா 3 க்யூபிக்குக்கு மேல, உங்க ஏஜெண்ட் சொன்னது அந்த வரைக்கும் சரிதான். மூணு இருபத்தஞ்சு எழுவத்தஞ்சு வெள்ளி. யாராவது யோசிச்சுப் பாருங்க, ஒரு கப்பல் கம்பெனி, ஒரு கோடவுன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவர், ரெண்டு பக்கத்து ஆபீசு, இத்தனை பேரும் 75 வெள்ளியில எப்படிப் பொழைப்பாங்க?

பொழைக்க மாட்டாங்க. அதனால காச இந்தப் பக்கம் வாங்குவாங்க. கப்பல் கூலிய அடிமட்டத்துக்குக் காட்டி, சில வழித்தடத்துல அனுப்பற பக்கத்து ஏஜெண்டுக்கே திருப்பிப் பணம் குடுத்து சரக்கப் பிடிக்கறாங்க, அந்த நஷ்டத்த எறங்கற ஊர்ல எடுத்துக்கறாங்க. டி.ஓ. (சரக்க எடுக்கற சீட்டு) கட்டணம், டெர்மினல் கட்டணம், கண்டெய்னரப் பிரிச்ச கட்டணம், கோடவுன் கட்டணம், டாக்குமெண்ட் கட்டணம், நீளமான பொருளுக்குத் தனி, மேல எதுவும் அடுக்க முடியாத பொருளுக்குத் தனி. இதுல நெறைய கட்டணத்துக்குக் கொறஞ்சபட்ச அளவுன்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க. சரக்கு உள்ள இருக்கு, இலவச நாள் ஓடிக்கிட்டு இருக்கு, அது முடிஞ்சா நாள் வாடகை ஏறும், நீங்க சண்ட போடற ஒவ்வொரு நாளும் அவங்களுக்கு வருமானம். என்கிட்ட வந்த ஒருத்தர் இங்கிலாந்துலேருந்து ஜீப் உதிரிப்பாகம் ஒரு பெட்டி வரவழைச்சாரு, அனுப்பினப்ப சொன்ன கப்பல் கூலி நூறு வெள்ளியக்கூடத் தொடல, இங்க எடுக்கப் போனப்ப கைல குடுத்த பில்லு எழுநூத்துச் சொச்சம். கட்டிட்டுத்தான் எடுத்துட்டு வந்தாரு, வேற என்ன பண்றது, பெட்டி அவங்க கோடவுன்ல.

அதனால எந்த ஏஜெண்டா இருந்தாலும் ஒரு க்யூபிக் எவ்வளவுன்னு கேக்காதீங்க. ஈப்போ பட்டறை வாசல்லேருந்து என் பட்டறை வாசல் வரைக்கும், ரெண்டு பக்கத்துக் கஸ்டம்ஸ் பேப்பர், ஏத்தறது, எறக்கறது எல்லாம் சேத்து, ஜி.எஸ்.டி. மட்டும் தனியா, மொத்தம் எவ்வளவு, இதுக்கு மேல வேற எதுவும் வராதுன்னு எழுதிக் குடுங்கன்னு கேளுங்க. எழுதித் தர யோசிக்கற ஆளவிட நூறு வெள்ளி ஜாஸ்தி சொல்லி எழுதித் தர்ற ஆளு எவ்வளவோ மேல். உங்க விஷயத்துல இன்னொரு கேள்வியும் இருக்கு, ஈப்போவுலேருந்து தெக்க வர்ற ஒரு பொருள எதுக்குக் கிள்ளானுக்குக் கொண்டுபோயி, கோடவுன்ல எறக்கி, கண்டெய்னர்ல ஏத்தி, இங்க கெப்பல் துறைமுகப் பக்கம் மறுபடி எறக்கி, மறுபடி லாரியில ஏத்தணும்? ஒவ்வொரு தடவ ஃபோர்க் பட்டும் உங்க பழைய இரும்பு வளையறதுக்கு ஒரு வாய்ப்பு. அவரு ஏன் கப்பல் சொல்றாருன்னா அவருக்குக் கமிஷன் அங்கதான் இருக்கு, வேற காரணமே இல்ல. விமானத்துல போடலாமான்னும் சில பேரு கேப்பாங்க, அங்க 6,000 கன சென்டிமீட்டருக்கு ஒரு கிலோன்னு கணக்கு, உங்க மூணு க்யூபிக் 500 கிலோவுக்குமேல ஆயிடும், மறந்துடுங்க.

இதெல்லாம் சொன்னதுக்கப்புறம் நான் பெருசா நெனைக்கற விஷயத்துக்கு வரேன். நீங்க கேக்காத விஷயம். சேஸிஸ்னா வெறும் இரும்பு கெடையாது, அதுலதான் வண்டியோட நம்பர் அடிச்சிருக்கு. உங்க மாடல்ல முன்னாடி ஸ்பிரிங் மாட்டற கொம்புப் பக்கம் பாருங்க. ஈப்போ சேஸிஸ்லயும் ஒரு நம்பர் இருக்கும், அது மலேசியாவுல யாரோ ஒருத்தர் பேர்ல பதிவான வண்டி. விக்கறவர்கிட்ட அந்த வண்டியோட கிராண்ட் (பதிவுச் சான்று) இருக்கா, வண்டிப் பதிவ ரத்து பண்ண பேப்பர் இருக்கான்னு கேளுங்க. இல்லன்னு சொன்னா திருட்டு வண்டியா இருக்கவும் வாய்ப்பிருக்கு, வெல எவ்வளவு கொறைவா இருந்தாலும் கைய வெக்காதீங்க. அதோட இங்க எல்.டி.ஏ.வுக்கு (நிலப் போக்குவரத்து ஆணையம்) முன்கூட்டியே எழுதுங்க, என் வண்டியோட சேஸிஸ மாத்தணும், இன்ன நம்பர் இருக்கற பழைய சேஸிஸ், அனுமதி உண்டா, எப்படிப் பரிசோதனைன்னு. பதில் எழுத்துல வந்தப்புறம்தான் ஈப்போவுக்கு அட்வான்ஸ். பட்டறையில யாராவது, அண்ணே அந்த நம்பர கிரைண்டர் போட்டு அழிச்சிட்டு உங்க நம்பர அடிச்சுத் தரேன்னு சொன்னா அன்னிக்கே அந்தப் பட்டறைய மாத்துங்க. அது குத்தம், வண்டியும் போயிடும்.

எனக்குக் கோவம் வர்றது எங்கன்னா, ஒரு தனி ஆளு, வருஷத்துக்கு 45 நாள் மட்டும் ஓட்ட அனுமதி இருக்கற ஒரு பழைய வண்டிய உயிரோட வெச்சிருக்கணும்னு ஆசப்படறாரு, அவரு வண்டிக்கு ஒரு ஆபீசு, வரிக்கு ஒரு ஆபீசு, எல்லையில ஒரு ஆபீசுன்னு அலையணும், ஒவ்வொருத்தரும் தன் பங்குக்கு மட்டும் பதில் சொல்லிட்டு மிச்சத்த அடுத்தவங்களக் கேளுங்கறாங்க. 1989லயே பெர்மிட்ட கம்ப்யூட்டர்ல போட்ட ஊரு இது. ஒரே எடத்துல கேட்டு ஒரே பதிலா வாங்கற வழி ஒரு சாதாரண ஆளுக்கு இருந்தா, நடுவுல உக்காந்து பயமுறுத்திக் காசு பண்றவங்களுக்கு வேலையே இருக்காது.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு, அத நல்லா மனசுல வாங்கிக்கோங்க. உங்க கேள்வியில வெறும் சேஸிஸ்னு எழுதியிருக்கீங்க. நெஜமாவே வெறும் சட்டம்தானா? இதுமாதிரி பேரத்துல கடைசி நேரத்துல விக்கறவரு, இஞ்சின் மேலயேதான் இருக்கு, அதையும் வெச்சுக்கோங்க, காசு வேணாம்பாரு. வேணாம்னு சொல்லுங்க. இஞ்சின் பூட்டின சேஸிஸுக்குக் கஸ்டம்ஸோட சரக்குப் பட்டியல்ல தலைப்பு 8706, வெறும் சட்டம் உதிரிப்பாகம், அது 8708ல வரும். இஞ்சின் ஒக்காந்திருக்கற நிமிஷத்துலேருந்து அது உதிரிப்பாகம் கெடையாது, பாதி வண்டி, அதுக்கு வர்ற கேள்வியே வேற. இஞ்சினும் கியர்பாக்ஸும் வேணும்னா கழட்டித் தனி பேலட்ல வெச்சு, பில்லுல தனித்தனி வரியா, தனித்தனி விலையா எழுதச் சொல்லுங்க, டேங்க்ல பெட்ரோல் சொட்டு இல்லாம, ஆயில வடிச்சிட்டு. அச்சும் சக்கரமும் இருக்கட்டும், உருட்டி ஏத்த வசதி, நாலு ஆளு கூலி மிச்சம்னு விக்கறவரு சொல்வாரு, ஆனா உயரம் கூடி க்யூபிக் கணக்கும் அதே மாதிரி ஏறிடும், உருட்டறதுல மிச்சம் பண்ணத கூலியில விட்டுடுவீங்க. பில்லுல பழைய இரும்புன்னோ ஸ்கிராப்புன்னோ எழுத விடாதீங்க, ஸ்கிராப் ஏத்துமதிக்கு அந்தப் பக்கம் வரி இருக்கு. பயன்படுத்தின லேண்ட் ரோவர் 88 சேஸிஸ் சட்டம், இஞ்சின் இல்லாதது, இன்ன நம்பர், இன்ன விலைன்னு அப்படியே எழுதணும், மலேசியப் பக்கம் ஏத்துமதிக்குப் போடற கே2 பாரத்துலயும் இங்க எடுக்கற பெர்மிட்டுலயும் அதே வார்த்த, அதே தொகை வரணும்.

விக்கறவர்கிட்ட இந்த வாரமே மூணு போட்டோ கேளுங்க: நம்பர் தெரியற மாதிரி ஒண்ணு, அளவு டேப்ப நீளத்துல வெச்சு ஒண்ணு, அகலத்துல வெச்சு ஒண்ணு. பம்பர், டோ கொக்கி, வெளியில நீட்டிக்கிட்டு இருக்கற போல்ட் போட்ட துண்டு எல்லாத்தையும் கழட்டச் சொல்லிட்டு அளக்கச் சொல்லுங்க, அகலத்துல 20 சென்டிமீட்டர் கொறைஞ்சாலே அரை க்யூபிக் பக்கம் மிச்சம். அந்தப் பின் சட்டத்த ஒரு சுத்தியலால தட்டி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. இந்த வண்டிக்கு பாடி அலுமினியம், சேஸிஸ் இரும்புப் பெட்டி, துரு உள்ளேருந்துதான் வரும், வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும். சத்தம் கணீர்னு கேக்காம மொத்துன்னு கேட்டா, நீங்க ஈப்போவுலேருந்து கொண்டாறது ஏற்கெனவே ஈசூன்ல இருக்கற அதே ஓட்டதான்.