அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு: வைப்புத்தொகையை உடைப்பதா, ரப்பர் மரத்தை விற்பதா?

கேள்வி: சார், எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம். அம்மாவுக்கு 78 வயது, சர்க்கரை உண்டு. கம்பூன்றிக் குருசடி (சிலுவை வைத்த சிறு கோயில்) வரை நடப்பார், அவ்வளவுதான். நேற்று காலை மழையில் பாசி பிடித்த முற்றத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகிவிட்டதாம். பாதி மூட்டு மாற்ற ரூ.1.9 லட்சம், முழு மூட்டு என்றால் ரூ.3.25 லட்சம் என்கிறார்கள். அம்மா பெயரில் ரூ.3 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்து 14 மாதம்தான் ஆகிறது. மூட்டு மாற்றுக்கு 2 வருடக் காத்திருப்பு உண்டு என்று ஏஜென்ட் கையை விரிக்கிறார். அம்மாவும் நானும் சேர்ந்து 2 வருடத்துக்குப் போட்ட வைப்புத்தொகை ரூ.6 லட்சம் இருக்கிறது, முதிர்வுக்கு 5 மாதம் பாக்கி. கொஞ்சம் ரப்பர் மரமும் நிற்கிறது, வெட்டி எடுக்க வியாபாரி கேட்கிறார். மாமா, ‘வர்ம வைத்திய ஆசானைக் கூப்பிட்டு எண்ணெய் போட்டுக் கட்டலாம்’ என்கிறார். குவைத்தில் இருக்கும் தம்பியோ, தான் வரும்வரை ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிறான். எந்தப் பணத்தை எடுப்பது?

பதில்: உங்கள் மடல் வந்த இரவே தொலைபேசியில் பேசிவிட்டோம். அன்று அவசரத்தில் துண்டு துண்டாகச் சொன்னதை, இதே இக்கட்டில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

நீங்கள் போட்ட கணக்கில் ஒரு செலவு விட்டுப்போயிருக்கிறது. அம்மா கட்டிலில் சும்மா படுத்திருப்பதற்கு ஆகும் செலவு அது. வயதானவர் இடுப்பெலும்பு முறிந்து அசையாமல் கிடந்தால் படுக்கைப்புண், நிமோனியா, சிறுநீர்த் தொற்று, காலில் ரத்தம் உறைதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதனால்தான் மற்ற உடல்நிலை இடம்கொடுத்தால் ஒன்றிரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சையை முடிக்கப் பார்க்கிறார்கள். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், சேர்த்த அன்றோ மறுநாளோ செய்யச் சொல்கிறது. எங்கள் பெரியம்மாவுக்கு இதே முறிவு வந்தபோது, யார் எவ்வளவு போடுவது என்று பிள்ளைகள் பேசி முடிக்கவே ஒன்பது நாள் ஆனது. அதற்குள் முதுகில் புண், நெஞ்சில் சளி. கடைசியில் அறுவை சிகிச்சைக்கு ஆனதைவிடத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் அதிகம் கட்டினோம். பெரியம்மா பிறகு எழுந்து நடக்கவே இல்லை. ஆகவே தம்பி டிக்கெட் கிடைக்கும்போது வரட்டும். அதுவரை அவர் செய்ய வேண்டியது பணம் அனுப்புவது மட்டும்தான்.

மாமாவுக்கு ஒரு வார்த்தை. நம் மாவட்டத்தில் வர்ம ஆசான்மார்மேல் மரியாதை இல்லாதவர் யார்? சுளுக்குக்கு நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் தொடை எலும்பின் கழுத்து அப்படிப்பட்ட இடமல்ல. பந்துபோல் இருக்கும் மூட்டுத் தலைக்கு ரத்தம் அந்தக் கழுத்து வழியாகத்தான் ஏறுகிறது. முறிந்து விலகினால் அந்த ஓட்டம் அறுந்துவிடும். வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளே அது சேராது.

இனி, எந்த அறுவை சிகிச்சை என்ற பேச்சு. இதைத் தீர்மானிப்பது எலும்பு மருத்துவர்தான், நானல்ல. ஆனால் பணம் கட்டுகிறவருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். கழுத்துக்குக் கீழே, தொடை எலும்பின் புடைப்புப் பகுதியில் முறிந்திருந்தால் அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும். பிளேட்டும் திருகாணியும் வைத்தோ, எலும்புக்குள் கம்பி செலுத்தியோ இணைத்துவிடுவார்கள், மூட்டை மாற்றும் பேச்சே வராது. கழுத்து முறிந்தும் விலகாமல் இருந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று திருகாணியோடு முடிந்துவிடும். உங்கள் அம்மாவுக்கு விலகிவிட்டது. இந்த வயதில் திருகாணி போட்டால் சேராமல் போய் மறுபடியும் கத்தி வைக்க நேரும் வாய்ப்பு அதிகம். அதனால் மூட்டை மாற்றுகிறார்கள். பந்தை மட்டும் மாற்றினால் பாதி மூட்டு, அது பொருந்தி நிற்கும் இடுப்புக் கிண்ணத்தையும் சேர்த்து மாற்றினால் முழு மூட்டு.

ரூ.1.35 லட்சம் வித்தியாசத்துக்கு என்ன கிடைக்கிறது? 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதையேதான் பார்த்தது. கழுத்து முறிந்து விலகிய, அதற்குமுன் நடமாடிக்கொண்டிருந்த 1,495 பேரை 10 நாடுகளில் இரண்டு வருடம் தொடர்ந்தார்கள். மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள் முழு மூட்டில் 7.9 சதவீதம், பாதி மூட்டில் 8.3 சதவீதம். நடப்பதிலும் வலியிலும் முழு மூட்டுக்காரர்கள் கொஞ்சம் தேவலை, ஆனால் பெரிதாகச் சொல்லும்படி இல்லை. தோட்டம் துரவு என்று நாளெல்லாம் வெளியே அலைகிற 65 வயதுக்காரர் என்றால் முழு மூட்டைப் பற்றிப் பேச நியாயம் உண்டு. கம்பூன்றிக் குருசடி வரை போய்வரும் அம்மாவுக்கு எதற்கு என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். கிண்ணம் ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது என்பதுபோல் காரணம் சொன்னால் அது வேறு. ‘அதுதான் லேட்டஸ்ட்’ என்பது மட்டும் பதிலாக வந்தால் பாதி மூட்டே போதும் என்று சொல்லிவிடுங்கள். சிமெண்ட் வைத்துப் பொருத்துகிறார்களா என்பதையும் கேளுங்கள். வயதானவர்களுக்கு அதைத்தான் அதிகம் பரிந்துரைக்கிறார்கள்.

காப்பீட்டில்தான் உங்கள் ஏஜென்ட் பெரிய தவறு செய்கிறார். மூட்டு மாற்றுக்கான காத்திருப்புக் காலம், விபத்தால் நேர்ந்த சிகிச்சைக்குப் பொருந்தாது. பாலிசியில் அந்த விதிவிலக்கு அதே பத்தியில், பெரும்பாலும் கடைசி வரியில் இருக்கும். பாசியில் வழுக்கி விழுந்தது விபத்துதான். ஆனால் எலும்புத் தேய்மானத்தைக் காட்டி நிறுவனம் மறுக்கப் பார்க்கலாம். ஆகவே முதலில் காட்டிய இடத்துச் சீட்டிலும், இப்போதைய மருத்துவமனைக் குறிப்பிலும், கடைசியில் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ‘வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்தார்’ என்று தேதியோடும் நேரத்தோடும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘இடுப்பு வலி’ என்று இருந்தால், நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொல்லுங்கள். நிறுவனம் பணம் தர மறுத்தால் அதை எழுத்தில் வாங்கி அவர்களின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். 30 நாளில் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பாலிசி நகலைப் பார்த்தேன். ஒவ்வொரு கோரிக்கையிலும் 20 சதவீதம் உங்கள் பங்கு. பாதி மூட்டு என்றால் நிறுவனம் தருவது ரூ.1.52 லட்சம், உங்கள் கையிலிருந்து ரூ.38,000. இந்த வருடத்துக்கு இன்னும் ரூ.1.48 லட்சம் காப்பீடு மிஞ்சும். முழு மூட்டு என்றால் உங்கள் பங்கு ரூ.65,000, மிஞ்சும் காப்பீடு வெறும் ரூ.40,000. நாளைக்குச் சர்க்கரையோ சளியோ மறுபடி மருத்துவமனைக்கு இழுத்தால் இந்த மிச்சம்தான் தாங்க வேண்டும்.

அறை வாடகைக்கு நாளொன்றுக்கு ரூ.3,000 என்று வரம்பு போட்டிருக்கிறார்கள். சொந்தக்காரர் வந்தால் உட்கார இடம் வேண்டும் என்று ரூ.6,000 அறை எடுத்தீர்களோ, வாடகையோடு நிற்காது. மருத்துவர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் பாதியாகக் குறைப்பார்கள். மருந்து, பரிசோதனை, உள்ளே வைக்கும் மூட்டு ஆகியவற்றின் விலையில் மட்டும் அப்படிக் கைவைக்க முடியாது. குறைத்திருந்தால் சண்டை போடுங்கள்.

வைப்புத்தொகையை உடைக்காதீர்கள். 19 மாதம் ஓடிய ரூ.6 லட்சத்தை முன்கூட்டி எடுத்து, வங்கி வட்டியில் ஒரு சதவீதம் பிடித்தாலே ரூ.9,500 போகும். உடைக்காமல், காப்பீட்டுப் பணம் கைக்கு வரும்வரை சமாளிக்க அதன்பேரில் ரூ.2 லட்சம் கடன் வாங்கினால், வைப்பு வட்டியைவிட ஒரு சதவீதம் கூடுதல் என்று வைத்தாலும் 5 மாதத்துக்கு உங்களுக்கு நஷ்டம் ரூ.833தான். மாதச் சீட்டு ஏதும் ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தள்ளி எடுக்கவும் வேண்டாம்.

இதில் எல்லோரும் மறந்துவிடும் ஒன்று, கையெழுத்து. ‘இருவரில் ஒருவர்’ என்று போட்டிருந்தாலும் கூட்டு வைப்பில் முன்கூட்டி எடுக்கவோ கடன் வாங்கவோ பொதுவாக இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வயதானவர்களுக்குச் சில நாள் மனக்குழப்பம் வருவது சகஜம். அம்மா தெளிவாக இருக்கும்போதே, அவர் சம்மதத்தோடு, விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கை நடுங்கினால் பெருவிரல் ரேகை போதும். இரண்டு சாட்சி வேண்டும், ஒருவர் வங்கி அலுவலராக இருக்க வேண்டும். படுக்கையில் இருப்பவருக்காக அலுவலர் நேரில் வர வழி உண்டு, மேலாளரிடம் கேளுங்கள்.

பணமே புரளாதவர்களுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆண்டு வருமானம் ரூ.1.2 லட்சத்துக்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. உங்கள் வருமானத்துக்கு அது பொருந்தாது. 70 வயது கடந்தவர்களுக்கு வருமான வரம்பு பாராத ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. அதை ஏற்கிறார்களா என்று மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முழு மூட்டுக்குப் போகாமல் மிச்சமானதை வீட்டுக்கு எடுத்து வையுங்கள். வாக்கர், கமோட் நாற்காலி, வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட், முதல் மாதம் துணைக்கு ஒரு ஆள். அறுவை சிகிச்சை வெறும் பாதி வேலை, மீதி இந்தச் செலவில் இருக்கிறது. மருத்துவர் சீட்டோடு கட்டும் பிசியோதெரபி பில்லை, பாலிசியில் சொன்ன நாள்களுக்குள் கோரிப் பார்க்கலாம். எலும்பை வலுப்படுத்தும் மருந்தைப் பற்றி மருத்துவர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம், இடுப்பு முறிந்தவர்களுக்கு அடுத்த முறிவை 35 சதவீதம் குறைத்ததாக 2007இல் வந்த ஆய்வு காட்டியது. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் போடுவார்கள். முற்றத்துப் பாசியை அம்மா வீடு திரும்புமுன் சுரண்டிவிடுங்கள், கழிப்பறையில் பிடிகம்பி அடியுங்கள்.

ரப்பர் மரத்தைத் தொட வேண்டாம். மறுபடி நட்டால் பால் வெட்ட ஏழு வருடம் ஆகும். இந்த ரூ.38,000க்காக அதைக் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள். வியாபாரி முன்பணம் நீட்டியிருந்தால் இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.