பாறைமேல் உடையும் அலை – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன். மலேசியாவின் டெசாரு கடற்கரையில் அலைச்சறுக்கு பழகினேன். இப்போது நுரையைத் தாண்டிப்போய், உடையாத அலையிலும் எழுந்து நிற்கிறேன். ஜூன் விடுமுறைக்குத் தோழிகளோடு இந்தோனேசியாவின் லோம்போக் தீவில் உள்ள கெருபுக் போகிறோம். அங்கே அலை பவளப்பாறைமேல் உடையுமாம். “மணல்ல விழுந்தா எழுந்துக்கலாம், பாறையில விழுந்தா?” என்கிறார் அம்மா. என்னிடம் பதில் இல்லை. போகலாமா?

ச., ஈசூன்

அன்புள்ள ச.,

போகலாம். ஆனால் அம்மா கேட்டதுதான் கேட்க வேண்டிய கேள்வி. எழுந்து நிற்கக் கற்றுத்தர எல்லோரும் இருக்கிறார்கள். விழக் கற்றுத்தருபவர் குறைவு.

டெசாருவில் நீங்கள் ஏறியது, நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று தென்சீனக் கடலில் கிளப்பும் அலை. அடியில் மணல்திட்டு, அது இடம் மாறும்போது அலையும் இடம் மாறும். லோம்போக்கின் தென்கரைக்கு வருவது, தெற்கே வெகு தொலைவில் புயல் கிளப்பி, இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும் அலை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 12, 14 வினாடி இருக்கும். ஆழத்திலிருந்து திடீரெனப் பாறைமேல் ஏறுவதால் சட்டென்று நிமிர்ந்து உடையும். ஆனால் பாறை நகராதே! அதனால் அலை ஏறக்குறைய ஒரே இடத்தில், ஒரே பக்கமாக உடையும். படகில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலே பிடிபட்டுவிடும். பக்கத்தில் அலை உடையாத ஆழமான வாய்க்கால் தெரியும். போக வர அதுதான் வழி. இந்த விதத்தில் புதியவருக்கு மணலைவிடப் பாறை நல்லது என்றே நினைக்கிறேன்.

இனி விழுவது. அலை பொதுவாகத் தன் உயரத்தைப்போல் 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். 1 மீட்டர் அலை என்றால் மார்பளவுத் தண்ணீர்தான். எழும் அலை முன்னால் இருக்கும் நீரையும் இழுத்துக்கொள்வதால் அந்த நொடியில் ஆழம் இன்னும் குறையும். ஆகவே தலை முதலில் போகவே கூடாது. முதுகோ பக்கவாட்டோ படும்படி, கைகால் பரப்பித் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே விழுங்கள். விழுந்ததும் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்ளுங்கள். லீஷ் (காலையும் பலகையையும் இணைக்கும் கயிறு) இழுத்த பலகை திரும்பி வந்து மண்டையில் அடிக்கலாம்; மேலே வரும்போதும் கையை எடுக்காதீர்கள்.

அதைவிட முக்கியம், காலை ஊன்றாமல் இருப்பது. சவாரி முடிந்ததும் பலகையிலிருந்து குதித்து நிற்பது டெசாருவில் உடம்பில் ஊறியிருக்கும். சிலோசோ கடற்கரையின் அலையில்லாத தண்ணீருக்கு ஒரு பலகையைக் கொண்டுபோய், கால் தரையில் படாமல் விழுவதையும், குப்புறப் படுத்தே மீண்டும் ஏறுவதையும் அலுக்கும்வரை பழகுங்கள்.

இது உங்கள் காலுக்காக மட்டும் சொல்வதல்ல. நம் சிங்கப்பூரிலேயே சுமார் 250 வகைக் கடினப் பவளங்கள் இருக்கின்றன. கடலைத் தூர்த்த நில மீட்பில் நிறைய அழிந்தபின், 2014-இல் சிஸ்டர்ஸ் தீவுகளைக் கடல் பூங்காவாக அறிவித்தார்கள். அந்தப் பக்கம் கடல் நீர் வற்றும் வேளையில் வழிகாட்டியோடு நடக்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். மூளைப் பவளத்தைக் குனிந்து பாருங்கள்: மடிப்பு மடிப்பாக, மேலே மெல்லிய ஈரத் தோல், அதற்குக் கீழே கத்தியாய் எலும்புக்கூடு. அந்தத் தோல்தான் உயிர். ஒரு மிதியில் போய்விடும். நீங்கள் லோம்போக்கில் எதன்மேல் சறுக்கப்போகிறீர்கள் என்பது அப்போது தெரியும்.

கடலில் இறங்கும் நேரத்தைப் படகுக்காரரிடம் கேளுங்கள். நீர் ஏறிக்கொண்டிருக்கும் வேளை உங்களுக்கு ஏற்றது. நன்றாக வற்றியபின் வேண்டாம்.

கீறல் பட்டால் எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்வார்கள், வேண்டாம். சுத்தமான தண்ணீரும் சோப்பும் விட்டு நன்றாகக் கழுவி, உள்ளே பவளத் துணுக்கு இல்லாமல் எடுத்துவிடுங்கள். சிவந்து வீங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று அம்மாவிடம் கேளுங்கள், அவருக்கு நினைவிருக்கும்.

முதல் நாள் பயிற்றுநர் இல்லாமல் இறங்காதீர்கள். அலை இடுப்புக்கு மேல் வந்தால், பணம் கட்டிவிட்டோமே என்று பார்க்காமல், படகிலேயே இருந்துவிடுங்கள். மறுநாள் இறங்கலாம்.

அன்புடன்,
அக்கா